நன்றி என்றால் போதும் என்று பொருள்

பயிற்சியாளர் வரவில்லை.
பால்மசேதாவில் தரை தொடவிடாமல்
விமானத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது காற்று.
அவருடைய தொண்ணூறு படவில்லைகளும்
அவரோடு சாந்தியாகோவுக்கே போய்ச் சேர்ந்தன.

புவெர்த்தோ இபானியெஸ்.
தீயணைப்பு நிலையத்தின் பின்கூடம்.
மனநல ஆலோசகர்கள் பதினோரு பேர்.
ஆண்டுக்கு இரண்டு கூட்டம்,
ஆறு மணி நேரத்துக்கு ஒரு சான்றிதழ்,
அது இல்லாவிட்டால் உரிமம் இல்லை.
நான் ஏரியைத் தாண்டி வந்தேன்.
உலிசெஸ் கோக்ரேனிலிருந்து,
சரளைச் சாலைக்கு இரண்டு டயர்களைக் காணிக்கை வைத்துவிட்டு.
எல்லாரையும்விடத் தொலைவு நெலிடாவுக்கு.
அவளுடைய தோர்தெலில் தெருவே கிடையாது,
தண்ணீரோரமாய் சைப்ரஸ் பலகைப் பாதைதான்.
"யாரோ என்னிடம் வருகிறார்கள் என்று
பலகை முன்கூட்டியே சொல்லிவிடும்,
எனக்கு மட்டுமா, ஊருக்கே" என்பாள்.

காதும் காதும் வைத்தாற்போல் இருக்க வேண்டும் என்று
படிக்கும்போது உறுதி வாங்கினார்கள்.
வாங்கியவர்கள் பெருநகரத்துக்காரர்கள்.
எங்கள் ஊரில்
நேற்று மாலை என் அறையில் அழுதவளிடம்தான்
இன்று காலை நான்கு ரொட்டி வாங்க வேண்டும்.
சில்லறை எண்ணுவதில்
இரண்டு பேருக்கும் அவ்வளவு மும்முரம்.

முதல் ஒரு மணி நேரம் டிஷ்யூ பெட்டியைப் பற்றிப் பேசினோம்.
சிரிக்காதீர்கள்.
பேனாவுக்குப் பணம் தருகிறார்கள், கோப்புக்குத் தருகிறார்கள்,
அழுகைக்கு வரவுசெலவில் தலைப்பு இல்லை.
இவானியா ஏழு வருட ரசீதுகளை
ஒரு செருப்புப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள்.
கூட்டிப் பார்த்த உலிசெஸ் சொன்னான்:
"இந்தக் காசில் ஒரு குதிரை வாங்கியிருக்கலாம்."

மூன்று மணிக்கு, படகு இன்று இல்லை என்றார்கள்.
நான்கு மணிக்கு, நாளையும் சந்தேகம்.
ஃப்ரொய்லான், தீயணைப்புக்காரர், ஒன்றும் சொல்லாமல்
அடுப்பில் இன்னும் மூன்று கட்டை போட்டார்,
கெட்டிலை ஏற்றினார்.

இங்கே மாத்தே குடிப்பது இப்படி:
ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல்,
ஊற்றுகிறவர் கைக்குத் திரும்பித் திரும்பி வரும்.
நன்றி என்று சொல்லிவிட்டால்
எனக்குப் போதும் என்று பொருள்,
அடுத்த சுற்றில் உன்னைத் தாண்டிப் போய்விடும்.
எத்தனை கூட்டமானாலும்
நெலிடா முதல் சுற்றிலேயே நன்றி சொல்கிறவள்.

அன்றும் சொல்வாள் என்று
குடுவையை வாங்கக் கை நீட்டியிருந்தார் ஃப்ரொய்லான்.

அவள் அதைப் பிடித்தபடியே சொன்னாள்:
"செவ்வாய்க்கிழமை, பத்து மணி.
அந்த நேரத்தை நான் யாருக்கும் தரவில்லை.
பதினாறு வயதுப் பையன்.
ஆகஸ்டிலிருந்து நாற்காலி அப்படியே இருக்கிறது.
காலியாக இருப்பதன் காரணம் என்னவென்று
படிவத்தில் ஒரு கட்டம்.
வாரா வாரம்
வானிலை என்று எழுதுகிறேன்."

கூரைத் தகரம் படபடத்தது.
பதினோரு பேர்.
இப்படி ஒருவர் சொன்னால் என்ன கேட்க வேண்டும்,
எந்தக் குரலில் கேட்க வேண்டும்,
எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும்,
எல்லாம் தெரிந்தவர்கள்.
சம்பளம் வாங்குவதே அதற்குத்தான்.
ஒருவருக்கும் வாய் வரவில்லை.
இவானியா செருப்புப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

ஃப்ரொய்லான்தான் கேட்டார்,
"அவன் பேர் என்ன?"

சொல்லக் கூடாது. விதி.
நெலிடா அடுப்பைப் பார்த்தாள்.
"நல்லா நீந்துவான்" என்றாள்.

குடுவை நகர்ந்தது.
உலிசெஸ், நான், இவானியா, ஜன்னலோரத்து இருவர்,
பிறகு மறுபடி அவள்.
நன்றி சொல்லவில்லை.
அடுத்த சுற்றிலும் இல்லை.
இலை சாரமிழந்து வெறும் வெந்நீரான பிறகும்
வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள்.
கெட்டில் இரண்டு முறை நிரம்பியது.

விடிந்ததும் வருகைத் தாளைப் பார்த்தேன்.
தலைப்பு: என்ற இடத்தில் யாரோ
காற்று என்று எழுதியிருந்தார்கள்.
மணி நேரம்: என்ற இடத்தில் ஆறை அடித்துவிட்டுப் பத்தொன்பது.
ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

படகுத்துறையில் இன்னும் சிவப்புக் கொடிதான்.
உலிசெஸ் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.
நெலிடா
மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறாள்.